அநுராதபுரத்தில் எடுத்த படம்

"அண்ணை, அப்பான்ரை முகம் தெரியிற படம் ஒண்டும் இல்லையோ?" என்று நாடு விட்டு வந்து நான் வாழும் ஈஸ்ட் ஹாமில், ஒரு ஸ்டூடியோவில் நின்ற பெடியன் கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் சுள்ளென்று கோபம் வந்தது. அப்பா ஊரில் காலமாகி ஒரு மாதம். ஷெல் விழுந்து வீடு எரிந்தபோது ஆல்பங்களும் போய்விட்டன. என்னிடம் மிஞ்சியது இது ஒன்றுதான்.

படத்தைத் திரும்ப வாங்கியதும் உள்ளங்கால் சுட்டது. இந்தப் படம் எடுத்தபோது எனக்கு ஏழு வயது. அநுராதபுரத்தில் பழைய அரசர்களின் இடிந்த மாளிகைகளைப் பார்க்கப் போயிருந்தோம். புத்தர் சிலைக்குப் போகும் வழியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மணல் கொதித்தது. அப்பா என்னைத் தன் பாதங்களின் மேல் ஏற்றிக்கொண்டு, கூரையில்லாத கல் தூண்களுக்கு நடுவே தத்தித் தத்தி நடந்தார். சட்டையில் வியர்வையும் சுருட்டும் மணத்தன.

சிலைக்கு முன்னால் நாங்கள் நிற்க, அம்மா இரவல் கமராவைத் தூக்கினார். காவலாளி ஓடிவந்தார். புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாதாம்.

"அப்ப உமக்குத்தான் முதுகு காட்டோணும்," என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, அப்பா புத்தரின் பக்கம் திரும்பி நின்றார். அம்மா அப்படியே எடுத்துவிட்டார். அந்தச் சிரிப்பு எப்படியிருந்தது என்று கேட்க இப்போது அம்மாவும் இல்லை.

"முதுகையே பெரிசாக்கி பிரேம் போட்டுத் தாரும் தம்பி," என்று படத்தைப் பெடியனிடம் மறுபடி நீட்டினேன்.

"வீட்டுக்கு வாற ஆக்கள் இது ஆரெண்டு கேப்பினமே, அண்ணை?"

"ஆர் வரப்போகினம்?" என்றேன்.