வெங்காய வேருக்கு நிறம் ஏற்றிய ரசீதா

கல்யாணமாகிக் கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த ரசீதாவுக்கு, வீட்டோடு சேர்ந்திருந்த புருஷனின் போட்டோ ஸ்டூடியோவில் ரொம்பப் பிடித்த இடம் பின்கட்டு ஜன்னலோரம். முன்பக்கம் புருஷன் முகம்மது ஹுசைன் படம் எடுப்பார். கழுவிக் காய்ந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஜன்னலோரத்துக்கு வந்து சேரும். ரசீதா மெல்லிய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சேலைக்குப் பச்சை, கன்னத்துக்கு ரோஜா, கழுத்துச் சங்கிலிக்கு மஞ்சள் என்று ஏற்றிக்கொண்டிருப்பாள். அவளுடைய வாப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். நிறம் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது அவள் விரலுக்குச் சின்ன வயசிலேயே பழகிப் போயிருந்தது.

அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், சுபைதாவும் சுலைகாவும். உரித்து வைத்ததுபோல் ஒரே முகம். அடையாளத்துக்காக மாமியார் மைமூனம்மாள் சுபைதாவின் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினாள். நடக்கத் தெரிந்ததுமே இரண்டும் அந்தக் கயிற்றை மாற்றிப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டன. ஒருத்தி இரண்டு தடவை சாப்பிட, இன்னொருத்தி பட்டினியாய்ச் சிரித்துக்கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் மைமூனம்மாள் ஆரம்பித்துவிடுவாள்: மசக்கையில் இருந்தபோது ஒட்டுப்பழம் தின்னாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டாளா இவள்? இரண்டாக ஒட்டியிருந்த அந்த வாழைப்பழத்தை ரசீதா ஆசையாகத் தின்றது உண்மைதான். ஆனால் பழம் தின்றால் இரண்டு பிள்ளை என்பது சரி, இரண்டையும் ஒரே அச்சில் எப்படி வார்த்தது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆடித்தபசுக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த விஞ்ஞான டீச்சர் முத்துமீனாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் படித்தவள், கலகலப்பானவள். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டாள். எதைப் படம் எடுக்க வேண்டும் என்றார் ஹுசைன். வெங்காயத்தின் வேர் நுனி என்றாள்.

ஹுசைனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாம் எடுத்திருக்கிறார். வெங்காயத்தை யாரும் படம் எடுக்கச் சொன்னதில்லை.

டீச்சர் பொறுமையாகச் சொன்னாள். செடியோ மனுஷனோ, உடம்பு முழுக்கச் செல் என்னும் சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒரு செல் இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். அப்படித்தான் எல்லாம் வளர்கிறது. வேர் நுனி வேகமாக வளர்கிற இடம் என்பதால் அங்கே இதைப் பார்க்கலாம். ஆனால் செல் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், சாயம் ஏற்றினால்தான் உள்ளே இருப்பது தெரியும். பள்ளிக்கூடத்துச் சாயப் புட்டி காய்ந்து கட்டியாகிவிட்டது, மெட்ராஸிலிருந்து வர நாளாகும்.

சாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் ரசீதா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

அடுத்த வாரமெல்லாம் பின்கட்டில் ஒரே அமளி. தண்ணீர் நிறைந்த டம்ளர்களின் வாயில் வெங்காயங்கள் உட்கார்ந்து வெள்ளை வேர் விட்டன. டீச்சர் நுனியை நறுக்கி, ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்ததில் போட்டுப் பதப்படுத்துவாள். ரசீதா தன் சாயங்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பாள். பச்சை பிடிக்கவே இல்லை. நீலம் அப்பிக்கொண்டது. கடைசியில், கோரைப் பாய்க்குப் போடுகிற மெஜந்தாப் பொடியைக் கடையநல்லூரிலிருந்து வரவழைத்தாள். அது நன்றாகப் பிடித்தது. பிடித்தது என்றால், உள்ளும் புறமும் ஒரே சிவப்பு. டீச்சர் சோர்ந்து போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கன்னத்துக்கு நிறம் கூடிப்போனா நான் கழுவி எடுப்பேன், டீச்சர்," என்றாள் ரசீதா. "இதையும் அப்படிக் கழுவிப் பாப்போமா?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அமிலத்தை நீர்க்கக் கலந்து கொடுத்தது அவள், எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டது ரசீதா. நுனியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, கட்டைவிரலால் அழுத்தினார்கள். ஜன்னல் வெயில் மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியில் விழுந்தது. முதலில் ரசீதாவையே பார்க்கச் சொன்னாள் டீச்சர்.

செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாக இருந்தது. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்பு உருண்டை. கண்ணாடித் துண்டை லேசாக நகர்த்தினாள். ஒரு கட்டத்தில் உருண்டைக்குப் பதில் சிக்கிய நூல்போல் ஏதோ கிடந்தது. இன்னொன்றில் நூலெல்லாம் நடுவில் வரிசை கட்டி நின்றது. அதற்குப் பக்கத்தில், நூல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகியிருந்தன. ரசீதா மூச்சுவிட மறந்து பார்த்தாள். அவை நகரும் என்று காத்திருந்தாள், நகரவில்லை.

"அசையலியே டீச்சர்."

பதப்படுத்தும்போதே அவை செத்துப் போயின, எந்தெந்த வேளையில் இருந்தனவோ அப்படியே நின்றுவிட்டன என்றாள் டீச்சர். பின்னால் நின்ற ஹுசைன், "நாம மட்டும் ஆளுவள அசைய விட்டா படம் எடுக்குதோம்?" என்று சொல்லிவிட்டுத் தானும் குனிந்தார். அப்புறம் அவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு நூலும் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் என்று டீச்சர் விளக்கினாள். அந்த நூலுக்குள் டி.என்.ஏ. என்று ஒன்று, முறுக்கிய இரட்டைப் புரி. புரி பிரியும். ஒவ்வொரு புரியும் தனக்குப் பொருந்துகிற எதிர்ப்புரியைக் கட்டிக்கொள்ளும் என்று சீமையில் சொல்கிறார்கள், சொல்லி மூன்று வருஷம்தான் ஆகிறது.

ஹுசைன் கேட்டார். "நெகட்டிவ் கிட்ட இருந்தா பிரிண்ட் போட்டுக்கிடலாம். பிரிண்ட் இருந்தா, அதைப் படம் எடுத்து நெகட்டிவ் பண்ணிக்கிடலாம். ரெண்டுல எது இருந்தாலும் முழுசு வந்துரும். அப்படித்தானா?"

அதேதான் என்று டீச்சர் கை தட்டினாள்.

ரசீதா வாசலைப் பார்த்தாள். சுபைதாவும் சுலைகாவும் வெங்காயத் தோலைத் தலையில் செருகிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகக் கேட்டாள்: "இதுகளும் இப்படித்தானா டீச்சர்? நான் ஒட்டு வாழைப்பழம் தின்னதாலன்னு மாமி சொல்லுதாங்க."

"ஆமா. மொதல்ல ஒரே கருதான். அது வளர ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். அதான் ஒரே முகம். வாழைப்பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

ரசீதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே ஓடிப்போய் மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தாள். மைமூனம்மாள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அல்லா ஒருத்தியப் படைச்சான். அழகா இருக்காளேன்னு இன்னொண்ணும் போட்டுக்கிட்டான்," என்றாள். அதோடு பழத்துப் பேச்சு அந்த வீட்டில் நின்றது.

படம் எடுப்பது லேசாக இல்லை. ஹுசைன் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, மைக்ராஸ்கோப்பின் மேல் கேமராவைக் கவிழ்த்துக் கட்டி, சுற்றிலும் கறுப்புத் துணி போர்த்தினார். முதல் பிளேட் ராஜபாளையம் பஸ் போன அதிர்வில் கலங்கிவிட்டது. அடுத்ததைக் குழந்தைகள் குதித்துக் கெடுத்தார்கள். மறுநாள் டீச்சர் குழந்தைகளை வெளியே கூட்டிக்கொண்டு போக, தெரு அடங்கிய ஒரு நேரம் பார்த்துப் படம் விழுந்தது. பெரிதாக்கிய படத்துக்கு ரசீதா நிறம் ஏற்றினாள். எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

கண்காட்சியன்று டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும். ரசீதா மாட்டேன் என்றாள், பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். முதலில் வந்தவர்களுக்குக் குரலே கேட்கவில்லை. ராயகிரியிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த பிச்சம்மாள் என்ற அம்மாள், "சத்தமாச் சொல்லு தாயி, எங்கன பாக்கணும்?" என்று கேட்டாள். ரசீதா சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் நிற்கிற வரிசையைப் பாருங்கள், இப்போது பக்கத்துக் கட்டத்துக்கு வாருங்கள், பிரிகிறது தெரிகிறதா? வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நீண்டது. பார்த்தவர்கள் மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்த ஹுசைன், கூட்டத்துக்கு நடுவே தன் பெண்டாட்டியின் குரல் கணீரென்று கேட்பதைக் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ரசீதா நிமிர்ந்து பார்க்காமலே, "குனிஞ்சு பாருங்க, அவசரப்படாதீங்க," என்றாள்.

"சரி டீச்சர்," என்றார் ஹுசைன்.