அம்மாவைக் கரியரில் ஏற்றிப் பழகிய நாட்கள்

வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் அக்கா சொல்லிவிட்ட செய்தியை வாசலில் நின்றே சொன்னார். "மகளுக்கு ஒன்பதாம் மாசம் பிறக்கப் போகுதாம். எப்பிடியாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்." அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதும் அம்மா என்னைப் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பா இறந்து நான்கு வருடம். அண்ணை ஜெர்மனியில்.

தெற்கே போகிற ஆனையிறவுப் பாதை போரால் மூடிக் கிடந்த காலம் அது. பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. ஓடிய ஓரிரு வாகனங்களை நம்பி யாரும் பயணத்துக்கு நாள் வைப்பதில்லை. வவுனியாவுக்குப் போகிறவர்கள் சைக்கிளில்தான் போனார்கள். கொம்படியில் முழங்காலளவு தண்ணீருக்குள் சைக்கிளை உருட்டிக் கடந்து, பரந்தன் பக்கம் ஏறி, அங்கிருந்து காடும் வயலுமாகப் பெடல் உழக்க வேண்டும். கிட்டத்தட்ட நூறு கட்டை, நூறு மைல். நான் அதுவரை உழக்கிய ஆகக் கூடிய தூரம், எங்கள் உரும்பிராயிலிருந்து மானிப்பாய்க்கு ரியூட்டரியில் படிப்பிக்கப் போய் வந்ததுதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒருமுறை அந்தப் பாதையால் போய் வந்தவர். தானும் வருவதாகச் சொன்னார். ஆனால் மூச்சு இழுப்பு வருத்தக்காரர். தன்னையும் மூட்டைகளையும் கொண்டுபோவதே அவருக்குப் பெரும்பாடு.

"அம்மாவை நீதான் ஏத்த வேணும் பிள்ளை. அப்பாவின்ரை சைக்கிளை எடு. உன்ரை லேடீஸ் சைக்கிள் பாரம் தாங்காது" என்றார் மாமா.

அப்பாவின் சைக்கிள் உயரம். குறுக்கே ஒரு பார்க் கம்பி. கரியரில் ஆள் இருந்தால் காலைப் பின்னால் சுழற்றி ஏற முடியாது. பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு பாருக்கு மேலால் காலைப் போட வேண்டும். முதலில் உரப்பையில் மணலை நிரப்பிக் கரியரில் கட்டிக்கொண்டு கோப்பாய்ச் சந்திவரை போய் வந்தேன். தொடை எரிந்தது, ஆனால் விழவில்லை. இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

மணல் மூட்டை ஆடாது. அம்மா ஆடுவார். ஒரு பக்கமாகக் கால் போட்டு இருந்துகொண்டு, எதிரே மாடு வந்தாலும் மறுபக்கம் சாய்வார். எனக்கு ஹாண்டில் கையில் நிற்காது.

"அசையாதேங்கோ அம்மா!"

"நான் எங்கை அசையிறன்? நீதான் ஆட்டுறாய்."

மூன்றாம் நாள் நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டும்போது சீலைத் தலைப்பு பின்சில்லின் கம்பிகளுக்குள் போய்விட்டது. இருவரும் சைக்கிளோடு தெருவில் கிடந்தோம். அம்மாவின் முழங்கை தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு எழும்பியவர், எழும்பிய வேகத்திலேயே மறுபடி நிலத்தில் இருந்துவிட்டார். வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே அம்மாவை விழுத்துகிறவள் நடுக்காட்டில் என்ன செய்வேன்? தண்ணீருக்குள் சில்லு புதைந்தால்? டயர் வெடித்தால்? அந்த நாட்களில் புது டயர் கிடையாது. பழைய டயர்த் துண்டொன்றை உள்ளே வைத்துத்தான் பின்சில்லைப் பூட்டியிருந்தோம். ஒவ்வொரு விடியலும் போய் அதைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன். காற்று இருந்தாலும் நம்பிக்கை வராது.

மாமா வந்து காயத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, சீலை சரிவராது. வீட்டிலை போடுற சோட்டிக் கவுனைப் போட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு இருங்கோ" என்றார்.

"நடுரோட்டிலை சோட்டியோடையோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் முழுக்க உப்பிடித்தான் போகுது. ஆர் பாக்கினம்?"

மாமா பின்சில்லு அச்சின் இரண்டு பக்கமும் கால் வைக்க இரும்புத் துண்டுகள் பூட்டினார். நான் கரியரில் தலகணி ஒன்றை மடித்துக் கட்டினேன். அடுத்த நாள் விடிய அம்மா பூப்போட்ட சோட்டியோடு, தோளைச் சுற்றித் துவாய் போட்டுக்கொண்டு வாசல் படலையடியில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாவகச்சேரிவரை போய்ப் பார்ப்பதாகத் திட்டம். கோப்பாய் தாண்டினால் கைதடிவரை வெட்டவெளி. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரமில்லை. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. வெளியின் நடுவில் போகும்போது, மேலிருந்து சுடுகிற ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது.

முன்னால் போன ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தெருவோரச் சரிவில் படுத்தார். நிறுத்தினால் அம்மா எப்படி இறங்குவார், எப்படித் திரும்ப ஏறுவார்? பிரேக்கில் விரல் வைத்துவிட்டேன்.

"நிப்பாட்டாதை! உழக்கு பிள்ளை, உழக்கு!"

அம்மாவின் இரண்டு கைகளும் என் இடுப்பை இறுக்கின. நெற்றி என் முதுகில் அழுந்தியது. தலைக்கு மேலே சத்தம் பெருத்து வந்தது. நான் குனிந்து உழக்கினேன். ஹெலி எங்களைக் கடந்து தெற்கே போய்விட்டது. கைதடியில் முதல் பனைகளின் கீழ் நிறுத்தியபோதுதான், அவ்வளவு தூரமும் அம்மா துளியும் ஆடவில்லை என்பது எனக்கு உறைத்தது. அவர் இறங்கித் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"வீட்டை போவமே அம்மா?"

"ஏன்? சாவகச்சேரி எண்டெல்லோ சொன்னனீ?"

அடுத்த கிழமை புறப்பட்டோம். அதற்கு முந்திய நாள் பின்னேரம் பெரிய சண்டை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், குழந்தைக்குப் பழஞ்சீலைத் துணி என்று அம்மா சேர்த்த மூட்டையை மாமா தூக்கிப் பார்த்துவிட்டு நிலத்தில் வைத்தார். "உதோடை எனக்கு ஏலாது அக்கா." அம்மா தன் மாற்றுச் சீலைகளை எடுத்து வெளியே போட்டார். எண்ணெய்ப் போத்தலை விடவில்லை.

வழியில் நான் பயந்தது அநேகமாக எல்லாம் நடந்தது. கொம்படியில் சேற்றில் சில்லு புதைந்தது. அம்மா இறங்கித் தண்ணீருக்குள் நடந்தார். நானும் மாமாவும் மாறி மாறிச் சைக்கிளைத் தூக்கினோம். மாங்குளத்துக்குக் கிட்ட டயர் வெடித்து, சணல் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு மிச்சத்தில் அரைவாசித் தூரம் உருட்டினோம். அம்மாவுக்குக் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. ஆனால் நாங்கள் விழவில்லை.

வவுனியாவில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சோட்டியோடும் புழுதித் தலையோடும் நின்ற அம்மாவை அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அழத் தொடங்கினாள்.

"எதிலை அம்மா வந்தனீங்கள்?"

"இவள் ஏத்திக்கொண்டு வந்தவள்," என்றார் அம்மா. பிறகு, "முதல்லை எனக்கு ஒரு சீலை தா" என்று உள்ளே போனார்.

அன்று என் விரல்கள் ஹாண்டில் பிடித்த மாதிரியே மடிந்து நின்றன. கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்த எனக்கு அக்காதான் தேத்தண்ணியை ஊதி ஊதிப் பருக்கினாள். பிள்ளை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.