போர்டில் குளிக்கலாம், அதே போர்டில் தடை

குத்தாலநாதர் சத்தியமாகச் சொல்லுகிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் ஐந்தருவி ரோட்டுக் குரங்குகளைக் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் தப்பாக எழுதினால் கம்ப்யூட்டர் கத்தாது. சரியென்று தலையாட்டிவிட்டு ஊரைக் கூட்டிவிடும். எக்ஸ்எஸ்எல்டி எழுதிக் கண் பூத்துப்போன சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: தகவலெல்லாம் மரம்போலக் கிளை பிரிந்து கிடக்கும், எந்தக் கிளைக்கு எப்படிப் போவது என்று சொல்லும் வழிதான் எக்ஸ்பாத். அந்த வழியில் போய் எடுத்ததை வேறு உருவத்தில் மாற்றிக் காட்டுவது எக்ஸ்எஸ்எல்டி.

துபாயிலிருந்து திரும்பிய காதர் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறான். வாசலில் எலெக்ட்ரிக் போர்டு மாட்டினான். எந்த அருவியில் குளிக்கலாம், எதில் தடை என்று அவன் போனில் தட்டினால் போர்டில் எரிய வேண்டும். போனுக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள புரோகிராமை எழுதிக்கொடுத்தவன் நான். கூலி, போர்டு தொங்கும்வரை அங்கே அறையும் சாப்பாடும்.

ரெண்டும் சரி

அருவிகளின் நிலை ‘திறப்பு’க்குச் சமமென்றால் குளிக்கலாம், சமமில்லை என்றால் தடை. இப்படித்தான் எழுதினேன். யாருக்கும் சரியென்றே படும். ஆனால் ஒரு கூட்டத்தை ஒரு சொல்லோடு ஒப்பிட்டால், கூட்டத்தில் ஒருவன் ஒத்துப்போனாலே எக்ஸ்பாத்துக்குச் சமம். ஒருவன் ஒத்துப்போகாவிட்டாலே சமமில்லை. அன்று ஐந்தருவி திறந்திருந்தது, பேரருவியில் வெள்ளம். போர்டில் ரெண்டும் சேர்ந்து எரிந்தன.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஜனம் போகவும் முடியாமல் திரும்பவும் மனசில்லாமல் போர்டடியில் நின்றது. வழிந்த எண்ணெயில் ஒரு மினிபஸ் வழுக்கி, டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது. வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் மட்டும் சட்டப்படி நடக்க நினைத்து என்னிடம் கேட்டார்: “பாட்டையா, ஒரு கைய மட்டும் உள்ள நீட்டி நனைச்சா கேஸ் போடுவாவளோ?”

காணாமல்போன அருவி

அருவிக்கு ஒரு வரி என்று பிரித்து அதைச் சரிசெய்தேன். அடுத்த தலைவலி காதரின் விரல். ஒரே அருவியை ரெண்டு தடவை தட்டி அனுப்புவான். முன்னால் வந்ததே மறுபடி வந்தால் தள்ளிவிடு என்று எழுதினேன். ‘அதே அருவியா’ என்று பார்க்காமல், ‘அதே மாதிரி இருக்கிறதா’ என்று பார்க்கச் சொல்லிவிட்டேன். ஐந்தருவியிலும் குளிக்கலாம், பழைய குற்றாலத்திலும் குளிக்கலாம். ரெண்டும் ஒன்றென்று பழைய குற்றாலத்தைத் தூக்கிவிட்டது.

அங்கே குளித்துக்கொண்டிருந்த அச்சன்புதூர்க்காரருக்கு மச்சினன் போன் போட்டு, போர்டில் அப்படியொரு அருவியே இல்லை என்றிருக்கிறான். மனுஷர் நம்பிவிட்டார். தான் நனையவே இல்லை என்று முடிவுகட்டி, தலைகூடத் துவட்டாமல் பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் போர்டைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போடுவதாகக் காதர் சொல்லிவிட்டான். போர்டு போனால் என் அறையும் போகும். இந்த நேரம் பார்த்து, சவாரி இல்லாத ஆட்டோக்காரன் வேறு வந்து விசாரித்தான்: “ஏ அண்ணாச்சி, பழைய குத்தாலத்த யாரும் வெலைக்கு வாங்கிட்டாவளா?”

ஒன்றுமில்லாதது

இந்தத் தடவை பெயரை வைத்து ஒப்பிட்டேன். எல்லா அருவிகளும் போர்டுக்குத் திரும்பின. ஆனால் அந்த வாரமே சாரல் நின்று, ஞாயிறு காலையில் பாறைதான் மிச்சம். குளிக்கலாமென்று தட்டவா, தடையென்று தட்டவா? காதர் எதையும் தட்டாமல் விட்டுவிட்டான். இல்லாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் எக்ஸ்பாத்துக்குச் சமமும் கிடையாது, சமமில்லை என்பதும் கிடையாது. போர்டில் அருவிகளின் பெயர் மட்டும் வரிசையாக எரிந்தது, எதிரே வெறும் இருட்டு.

காதர் ஸ்க்ரூ டிரைவரோடு ஏணியில் ஏறினான். நான் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். மேலே நின்றவன் போர்டைப் பார்த்தான், திரும்பிக் காய்ந்த பாறையைப் பார்த்தான், மறுபடி போர்டைப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினான். “அண்ணாச்சி, இன்னைக்குத்தான் உம்ம போர்டு பொய் சொல்லல. சாப்புட வாரும்.”

மூளையால் எழுதியதெல்லாம் என்னைக் கவிழ்த்தது, எழுதாமல் விட்டதுதான் சோறு போடுகிறது. அதை நான் தெரிந்தே செய்ததாகக் காதர் நம்புவதால், இந்தக் கதையைச் சொன்னது யாரென்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.