வேறு கார்டை ஏற்காத போன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது ஏற்காட்டில் செல்போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் நானும் ஒருவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

வாழவந்தி போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, காட்டில் நின்று மேற்பார்வை பார்க்கிறவன். முதலாளி சென்னையில் இருந்தார். எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் எஸ்டேட்டில் நான் வைத்ததுதான் சட்டம்.

ஆபீஸில் இருந்த போன் காற்றடித்தால் செத்துப்போகும். எங்காவது ஒரு கிளை கம்பி மேல் விழுந்திருக்கும். ஆள் வந்து சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு இறங்கி, செல்போன் விற்கிற கடையில் போய் நின்றேன்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு போனை எடுத்து வைத்தார். ஒன்று எந்தக் கம்பெனி சிம் கார்டைப் போட்டாலும் வேலை செய்யும். இன்னொன்று சின்னக் கம்பெனி ஒன்று கார்டோடு சேர்த்துக் கொடுப்பது. அவர்கள் கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது, ஆனால் விலை பாதிதான். பேசுகிற கட்டணமும் குறைவு.

"ஏனுங்க, மலையில எந்தப் பக்கமுங்க நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் யோசித்தார். "இந்தக் கம்பெனிக்கு டவர் கம்மிங்க. உங்க பக்கம் சிக்னல் எடுக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. எதுக்கும் எல்லாக் கார்டும் போடற போனை வாங்கிட்டுப் போங்க. இது எடுக்கலீன்னா கார்டை மட்டும் மாத்திக்கலாம்."

விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியாததாங்க? மலை உசரத்துல இருக்கறவனுக்கு எடுக்காம உங்களுக்கு எடுக்குமாக்கும்?" என்று சொல்லிவிட்டு விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். உயரத்தில் இருந்தால் எல்லாம் எடுக்கும் என்பது அன்றைக்கு என் விஞ்ஞானம். சேலத்தைப் பார்த்த சரிவில் எடுக்கும், முதுகைக் காட்டிய சரிவில் எடுக்காது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

சேலத்தைப் பார்த்த ஒரு வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி அழுத்திப் பார்த்தேன். சிக்னல் நான்கு கோடும் நின்றது. எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஒரு கோடு வந்து வந்து போனது. போதும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபீஸுக்குக் கீழே சரிவில் இருந்த கீழ்க்காட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதே வாரம் காற்றில் ஆபீஸ் போன் கம்பி அறுந்தது. செல் இருக்கிறதே என்று நான் புகார்கூடக் கொடுக்கவில்லை.

அது வைகாசி. மழை பிடிப்பதற்கு முன்னால் நிழல் மரம் கழிக்க வேண்டும். காப்பிச் செடிக்கு நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் ஏறி, கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுகிற வேலை. அதற்கென்று ஒருவர் இருந்தார். கிளியூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு அவர் ஏறுவதைப் பார்க்க நமக்குத்தான் பயமாக இருக்கும். அவருக்கு ஒன்றும் இருக்காது.

மரம் கழிக்கிற நாளில் எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தின்மேல் ஆள் இருக்கும்வரை ஜீப் காட்டை விட்டு நகராது. மண் ரோட்டில், மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டு நிறுத்தி வைப்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்த ரைட்டர்கள் எல்லாரும் அதைக் காப்பாற்றினார்கள்.

அன்றைக்குக் கீழ்க்காட்டில் மரம் கழித்துக்கொண்டிருந்தோம். மதியம் ஏற்காடு பஜாரில் உர மூட்டை வந்து இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. மழை வருவதற்குள் கொண்டுவர வேண்டும். டிரைவரைக் கூப்பிட்டுப் போகச் சொன்னேன்.

அவர் தயங்கினார். "மரத்து மேல ஆள் இருக்குதுங்களே. வண்டி போலாமுங்களா?"

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். "எதாச்சும்னா இதுல பஜார் மளிகைக் கடைக்குப் போட்டுச் சொல்றன். நீங்க பஜார்லதான இருப்பீங்க? போயிட்டு வாங்க."

பாதி மரத்தில் இருந்த கிளியூர்க்காரர் கீழே குனிந்து பார்த்தார். "வண்டி போவுதுங்களா ரைட்டரே?"

"போன் இருக்குதுங்க, நீங்க ஏறுங்க" என்றேன்.

அவர் ஏறினார். அந்த மனிதர் என்னை நம்பினார். 

ஜீப் போய் அரை மணி நேரம் இருக்கும். பனி இறங்கியது, கூடவே தூறலும். இறங்கிவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கால் வழுக்கியது. கிளை முறிகிற சத்தம் கேட்டது, அடுத்து அவர் விழுகிற சத்தம். வெட்டிவிட்டிருந்த ஒரு பழைய காப்பிக் கட்டையின் மேல் தொடை பட்டு விழுந்திருந்தார். எலும்பு உடைந்து வெளியே தெரிந்தது. ரத்தம் நிற்காமல் கொட்டியது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ஒரு அம்மா தன் தலைத் துண்டை உருவித் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். நான் போனை எடுத்தேன்.

ஒரு கோடுகூட இல்லை.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பாறைமேல் ஏறினேன். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போடுங்க சாமி, போடுங்க" என்று ஒரு பெண் அழுதார். என்னத்தைப் போடுவது? துண்டைக் கட்டிய அம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஓடுங்க" என்றார். ஓடினேன்.

ஆபீஸ் வாசலில் எப்போதும் வருகிற அந்த ஒரு கோடும் அன்றைக்கு இல்லை. கீழே சேலத்தில் கரண்ட் போயிற்றோ, கம்பெனிக்கு இருந்த ஒரே டவர் படுத்துக்கொண்டதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தார் ரோட்டுக்கு ஏறி, மதில்மேல் நின்று அழுத்திக்கொண்டே இருந்தேன். பஜார் அங்கிருந்து நடக்கிற தூரமில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கீழே ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார், என்னால்தான் சாகிறார் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

பனிக்குள்ளிருந்து ஒரு அம்பாசிடர் வந்தது. குறுக்கே போய் விழாத குறையாக நிறுத்தினேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள். ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். பின்சீட்டில் அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் இருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, "உங்ககிட்டப் போன் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க, சார்ஜ் போயிருச்சு" என்றார் அவர். "ஆனா நம்முளுது பெரிய கம்பெனிங்க. இப்பத்தான் ரெண்டு வளைவு முன்னால வரைக்கும் நல்லா எடுத்துச்சு. என்ற கார்டை உங்க போன்ல போட்டுப் பாருங்க."

எனக்கு உயிர் வந்தது. காரின் முன்பக்கத்தில் வைத்துப் போனைக் கழற்றினோம். அவசரத்தில் கார்டு மண்ணில் விழுந்தது. தேடி எடுத்துத் துடைத்துப் போட்டேன். திரை ஒளிர்ந்தது. இந்தக் கார்டு ஏற்கப்படாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி கழற்றி மறுபடி போட்டேன். அதே வரி. அவரும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அதே வரிதான். கண்ணாடி மேசைமேல் நான் வேண்டாம் என்று விட்டுவந்த, எல்லாக் கார்டும் போடுகிற அந்தப் போன் என் கண்முன்னால் வந்தது. என் வாழ்க்கையில் என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ள நினைத்தது அந்த நிமிஷம்தான்.

"இன்னொருக்கா பார்க்கலாங்க" என்று நான் மூன்றாம் தடவை கழற்றும்போது பின்கதவு திறந்தது. அவர் மனைவி இறங்கி வந்தார்.

"ஏனுங்க, நானும் பார்த்துக்கிட்டே இருக்கறன். அந்தப் போனை எதுக்குங்க நோண்டிக்கிட்டிருக்கீங்க? வண்டிதான் நம்மகிட்ட இருக்குதல்லங்க?"

நாங்கள் இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணெதிரே வண்டியை வைத்துக்கொண்டு, வண்டியைக் கூப்பிடப் போன் தேடிக்கொண்டிருந்தோம். பொன்னான நேரத்தைத் தொலைத்திருந்தோம்.

அந்த அம்மா காரின் பின்கதவை அகலத் திறந்தார். தங்கையை இறங்கச் சொன்னார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு போர்வையை உருவி என் கையில் திணித்தார். "நாங்க இங்கயே இருக்கறோம். நீங்க போங்க" என்றார். அந்தப் பனியில், முன்பின் தெரியாத ரோட்டில், இரண்டு பெண்கள் மதில்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

மண் ரோட்டில் அந்தக் கார் அடிவயிறு உரசி உரசி இறங்கியது. அவர் நிறுத்தாமல் ஓட்டினார். காப்பிப் பழம் கொட்டுகிற படுதாவில் கிளியூர்க்காரரைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துண்டுக் கட்டை நான் பிடித்துக்கொண்டேன். ஏற்காடு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, இங்கே தாங்காது, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்கள்.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் முனகினார். முனகல் நின்றால் எனக்குப் பயம் இன்னும் கூடியது. பாதி வழியில் கண்ணைத் திறந்தார்.

"ரைட்டரே, அந்தப் போனுல எங்கூட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவ பயந்துக்குவா."

அந்தப் போனை அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொங்கியது. அடுத்த வளைவில் மரங்கள் விலகிச் சேலம் தெரிந்தது. என் சட்டைப் பை கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தேன். நான்கு கோடு. கம்பெனி என்னை வரவேற்று ஏதோ ஒரு செய்தி அனுப்பியிருந்தது.

தூக்கி வெளியே வீசியிருப்பேன். ஆனால் ரோட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். மளிகைக் கடைக்குப் போட்டேன். ஜீப்பை அனுப்பி அவர்களை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். கிளியூருக்கும் ஆள் அனுப்பச் சொன்னேன். அந்தப் போனில் நான் பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஒரு கால் மட்டும் குட்டையாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் மரம் ஏறவில்லை. சேலம் ஆஸ்பத்திரி வாசலில் கார்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, சீட்டெல்லாம் ரத்தமாகிவிட்டதே என்று தடுமாறினேன். "அது கழுவிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியை அழைத்துவர மலை ஏறிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்காமல் விட்டேன்.

முதலாளி வந்து விசாரித்தபோது கிளியூர்க்காரர், "மழையில வழுக்கிருச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். டிரைவரும் வாய் திறக்கவில்லை. வண்டியை அனுப்பியது நான்தான் என்று நானே சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

எஸ்டேட் வேலையை விட்டு, இப்போது பஜாரில் சின்னதாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எல்லாக் கார்டும் போடுகிற போனைத்தான் விற்கிறேன். யார் வந்தாலும் முதல் கேள்வி, எந்த ஊர், வீடு எந்தச் சரிவில் என்பதுதான். சிலருக்கு எரிச்சல் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் கிளியூர்க்காரரே காலை விந்தி விந்திக் கடைக்கு வந்தார். "எனக்கும் ஒண்ணு குடுங்க ரைட்டரே" என்றார். நான் கடையைச் சாத்திவிட்டு, ஒரு போனையும் மூன்று கம்பெனிக் கார்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன். அவர் வீட்டுத் திண்ணையில், அடுப்படியில், பலா மரத்தடியில் என்று ஒவ்வொரு கார்டாகப் போட்டுப் பார்த்தேன். விலை குறைந்த சின்னக் கம்பெனிக் கார்டுதான் அங்கே நன்றாக எடுத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"நொம்பப் பாடுபடாதீங்க ரைட்டரே. இது எடுத்தாலும் எடுக்காட்டியும், மரத்துல ஆள் இருக்கறப்ப வண்டி நின்னாப் போதுமுங்க."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இன்றைக்கும் ஒவ்வொரு போனைக் கட்டிக் கொடுக்கும்போதும், பாதி மரத்தில் நின்று குனிந்து "வண்டி போவுதுங்களா" என்று கேட்ட அந்த முகத்துக்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.