மாலை வகுப்பில் நான் கூப்பிட்ட பேர்கள்

முப்பது பிள்ளைகளின் ஈரச் சாக்ஸ் ஒரே அறையில் காய்ந்தால் ஒரு வாசம் வரும் பாருங்க... வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து மழையில் நடந்து வந்து, கழற்றி ஜன்னல் கம்பியில் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்த நாட்களை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அந்த வாசம்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேஸ்புக்கில் போட, நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் அடிக்கிறாள். ஞாபகம் மட்டும் என்னுடையது.

பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவை ரோட்டோரம் புதிதாகக் கட்டினார்கள். பழையது பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம். நானும் அப்போதுதான் தோட்ட வேலையிலிருந்து ஓய்ந்திருந்தேன்.

கீழ் லயத்து வரிசை வீட்டுப் பவானி ஏ லெவல் பாஸ் பண்ணிவிட்டு, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாள். டீச்சராக வேண்டும் என்பது சின்ன வயசு ஆசை.

"கூப்பிடுற வரைக்கும் சும்மாதானே இருக்கேன் தாத்தா. ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன், சாவியக் குடுங்க" என்று வந்து நின்றாள். குடுத்தேன்.

முதல் நாள் பேர் பதியக் கொப்பியைத் திறந்தாள். ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்து ஏமாற்றினான். பாதி நேரம் அதிலேயே போனது.

"கொப்பி எதுக்கு பாப்பா? இந்தத் தோட்டத்துல எல்லாப் பேரும் எனக்கு மனப்பாடம். நான் கூப்பிடுறேன்" என்றேன்.

நாற்பது வருசம் காலையில் பெரட்டுக்கு நின்றவன் நான். வேலைக்குப் பிரித்து அனுப்ப, வரிசையாக நிறுத்தி, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா பேர் கூப்பிடுவார். பிந்தி வந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. பேசாமல் திரும்ப வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான்... அதையே வகுப்புக்கும் கொண்டுவந்தேன். மூன்று மணிக்கு வாசலில் நின்று பேர் கூப்பிடுவேன். பிள்ளைகளுக்கும் குஷி. "வந்துட்டேன் கண்டாக்கையா!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சேட்டை பண்ணுவார்கள்.

நிரோஷா ஐந்தாம் வகுப்பு. பவானி கேள்வியை முடிப்பதற்குள் இவள் கை மேலே இருக்கும். அம்மா மலைக்குப் போனால் இருட்டும் நேரம்தான் வருவாள். அதனால் ஸ்கூல் விட்டதும் இவள்தான் பிள்ளைக்காம்பராவிலிருந்து தம்பியைத் தூக்கி வந்து, தூங்க வைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடி வருவாள். அவன் தூங்காவிட்டால் பிந்தும்.

ஒருநாள் பிந்தினாள். "நேரம் போச்சு, திரும்பிப் போ" என்றேன். அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் நான் வாய் திறக்கவே இல்லை... என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வரவில்லை.

"நிரோஷா வரலியா தாத்தா?"

"வரல."

பொய் இல்லை. உண்மையும் இல்லை.

இரண்டு வாரம் போனது. பவானி ஒரு கடிதத்தோடு வந்தாள். கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முகத்தில் மட்டும் சந்தோசம் இல்லை.

"நான் போகல தாத்தா."

"ஏன் பாப்பா?"

"நிரோஷா மாதிரி பிள்ளையே நின்னுருச்சு. அவங்க அம்மாகிட்ட கேட்டேன். அவளுக்கு இங்க பிடிக்கலையாம். ஒரு பிள்ளைய உக்கார வைக்கத் தெரியாதவ டீச்சராகி என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் வகுப்புத் தொடங்கியதும் நிரோஷாவின் லயத்துக்குப் போனேன். பெரட்டில் திருப்பி அனுப்பின ஆளை யாரும் வீடு வரைக்கும் வந்து கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

அவள் தம்பிக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்டாக்கையா, பேர் கூப்பிட வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

"கொப்பிய எடுத்துட்டு வா."

"மணி மூணரை. நேரம் போச்சு."

"போகல. வா."

"தம்பி முழிச்சிருக்கான்."

"தூக்கிட்டு வா. நான் வச்சிக்கிறேன்."

"ஒண்ணுக்கு இருந்துருவான்."

"இருக்கட்டும். என் இடுப்புச் சாரம் என்ன, பட்டுத் துணியா?"

சிரித்துவிட்டாள். தம்பியை என் தோளில் ஏற்றினாள். பாதி வழியில் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க அனுப்பினத நான் யார்கிட்டயும் சொல்லல தாத்தா. சொன்னா டீச்சர் உங்கள ஏசுவாங்க."

பத்து வயசுப் பிள்ளை அதைச் சொல்லுது... தம்பியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

வாசலில் அவளைப் பார்த்ததும் பவானி கையில் இருந்த சோக்கோடு ஓடி வந்தாள். "எங்கடி போன?" என்று அவள் தலையைப் பிடித்து ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "தாத்தா போய்க் கூட்டிட்டு வந்திருக்காரு, எல்லாரும் கை தட்டுங்க" என்றாள்.

தட்டினார்கள். நிரோஷாவும் தட்டினாள்.

அன்றிலிருந்து பேரை வீட்டுக்குப் போகும் நேரம்தான் கூப்பிட்டேன். எப்போது வந்தாலும் வந்தவர்களுக்கெல்லாம் பேர் உண்டு. கடைசியில் என் மடியில் இருக்கிற நிரோஷா தம்பியையும் கூப்பிடுவேன். அவனுக்குப் பதிலாக முப்பது பேரும் கத்துவார்கள்.

பவானி நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இன்றைக்கு லிந்துலைப் பக்கம் டீச்சர். நிரோஷா ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சையில் கொஞ்சத்தில் தவறிவிட்டாள். ஆனாலும் விடவில்லை, ஹட்டனுக்குப் போய் ஏ லெவல் வரை படித்து, இப்போது கொழும்பில் வேலை.

இப்போது பிள்ளைகள் வேனில் ஏறி டவுனுக்கு டியூஷன் போகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் அம்மாவின் போனுக்கு மெசேஜ் வருகிறது. நல்ல வசதிதான். ஆனால் வேன் கண்ணாடிக்குள் போகிற முகங்களில் ஒன்றுக்கும் எனக்குப் பேர் தெரியாது.

"பவானி அக்காவும் இதப் படிப்பாங்களே மாமா, அடிக்கவா?" என்று மருமகள் கேட்கிறாள். அடி என்று சொல்லிவிட்டேன்.

பவானி பாப்பா... நிரோஷாவுக்கு உன் வகுப்பு பிடிக்காமல் போகவில்லை. நான்தான் மூன்று நாளும் வாசலோடு திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு நீ தட்டச் சொன்ன கைதட்டல் அவளுக்குச் சேர வேண்டியது.