நேர்ந்துவிட்ட கால்கள்

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பதினாறு வயது. கழுத்தில் வந்தது புற்றுக்கட்டி என்று சொல்லி மதுரை ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள்; கதிர்வீச்சு சிகிச்சைக்கு அன்று எங்கள் பக்கம் அதுதான் பெயர். முதல் சுற்று முடிந்து பாம்பனுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வீட்ல படுத்தே கிடக்காதே. தினமும் நடக்கணும். அடுத்த தடவை நீ தெம்பா வரணும். துவண்டு போய் வந்தா உடம்பு தாங்காது, கரண்டு வைக்க முடியாது."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீடு வந்து சேர்ந்ததும் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கட்டி கரைந்தால் மகளை ஓரியூர்த் தேவாலயத்துப் புனிதரிடம் கால்நடையாக அழைத்து வருவதாக அவள் நேர்ந்திருந்தாள். எங்கள் பக்கம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை விற்கவோ அறுக்கவோ மாட்டார்கள், அது அவருடையது. என் கால்களையும் அந்த வகையில் சேர்த்துவிட்டாள். "அவருக்குன்னு சொன்ன நடைய இங்கன வீணா நடந்து கழிக்கக் கூடாது தாயி. கோவிச்சுக்கிருவாரு."

எனக்கும் எதிர்த்துப் பேச மனமில்லை. நடந்தால் கட்டி குலுங்கி உடைந்துவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவள் முழங்கால் மடிந்து தரையில் விழுந்தேன். தொடையைத் தொட்டுப் பார்த்தால் எலும்புதான் கைக்கு வந்தது. நடந்தால் சாவேன் என்றிருந்த பயம் அன்றோடு படுத்தால் சாவேன் என்று மாறிவிட்டது.

"என்னைய நடக்க விடும்மா. இல்லாட்டி கரண்டு வைக்க மாட்டாக. நான் செத்துருவேன்" என்று அழுதேன்.

 மறுநாள் விடிந்ததும் அவள் என்னை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, கடலைத் தாண்ட மட்டும் மண்டபத்துக்கு ரயிலேறினாள். அங்கிருந்து ஓரியூர்வரை வெறுங்காலோடு தனியாக நடந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது இரண்டு பாதமும் கொப்புளித்துக் கிடந்தன.

"ஒன் நடைய நான் நடந்து குடுத்துட்டேன். இனி ஒன் காலு ஒனக்கு. எந்திரி" என்றாள்.

 குணமாவதற்கு முன்னால் நேர்ச்சையைச் செலுத்தியவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. கூலியை முன்னாலேயே முழுசாகக் கொடுத்துவிட்டாளே, இனி எதைக் காட்டி அவரிடம் கேட்பது? அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. 

சுவரைப் பிடித்து எழுந்தேன். வீங்கிய காலோடு அவளும் பின்னால் வந்தாள், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியபடி. வாசலைத் தாண்டி மணலில் இறங்கினேன். வேலியோரத் தென்னைவரை போனேன். ஒரு கை கழுத்துக் கட்டியை விடவே இல்லை.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"அப்பக் கைய அங்கன இருந்து எடு. எனக்குப் பயமா இருக்கு."