பெப்பர்மின்ட் டப்பா

மகளுக்கு இரண்டரை வயதாகும்போது, பள்ளிக்கூட மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. தாம்பரத்து டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்த சோகை என்றார். சிவப்பாகச் சர்க்கரை பூசிய இரும்புச்சத்து மாத்திரைகளைக் கம்பவுண்டர் காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். காபியோடு சாப்பிடக் கூடாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டியதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஊருக்கே பாடம் சொல்கிறவள் அல்லவா.

பொட்டலம் நமத்துப்போகும் என்று, மிட்டாய் தீர்ந்து காலியாக இருந்த பெப்பர்மின்ட் டப்பாவில் மாத்திரைகளைக் கொட்டினேன். அதில் மிட்டாய் இருந்தவரை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது மகள் சிணுங்காமலிருக்க, கைப்பையிலிருந்து அந்த டப்பாவைத்தான் எடுப்பேன். அவள் சத்தமில்லாமல் கையை நீட்டுவாள். ஒரு மிட்டாய் வைப்பேன். வாரம் தவறாமல் நானே அவளைப் பழக்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் சிவப்பு. டப்பா திறந்து கிடந்தது. எத்தனை விழுங்கினாள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் எழுந்து பொம்மையோடு விளையாட ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது என்றார் கணவர். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் நம்பினேன். சோறுகூட வடித்தேன். அந்தச் சோற்றுக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மூன்று மணிக்கு, சர்ச் பாட்டுப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட எதிர்வீட்டு நர்ஸ் அக்கா வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“வாந்தி எடுத்துட்டா, விளையாடுறான்னு நம்பாதீங்க டீச்சர். இது கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்புறம்தான் ஆளைச் சாய்க்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

மின்சார ரயிலில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் டாட்டா காட்டினாள். எதிரே இருந்த அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார். எனக்கோ அந்தச் சிரிப்பே பயமாக இருந்தது. பரங்கிமலை தாண்டியதும் டாட்டா நின்றது. கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தோம். பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு என் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்து, நீங்கள் மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்றார். விடவில்லை. மாத்திரைகளைப் பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொன்றையும் வெறுப்போடு விழுங்கினேன். டப்பாவைக் குப்பையில் எறிந்தேன்.

வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போனோம். பிரசங்கம் நீண்டது. மடியிலிருந்த மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, சத்தமில்லாமல் கையை நீட்டினாள்.